பன்றிக் காவலரின் பொற்காலம்

அரசியல் சிந்தனையாளர்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். எவரெட் பிங்கம் ஒரு வகை. மற்ற எல்லாரும் இன்னொரு வகை. அரசாங்கம் சுருங்க வேண்டும் என்று உலகத்தில் எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். எழுதிவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார்கள். தன் கொள்கையைத் தன் உடம்பிலேயே பரிசோதித்துப் பார்த்த மாமனிதர், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், மலைக்கும் ஆற்றுக்கும் நடுவே கிடக்கும் எங்கள் ஹார்லோ மில்ஸ் ஊரின் எவரெட் ஒருவர்தான்.

அந்த வரலாற்றைப் பதிவு செய்யும் தகுதி எனக்கு உண்டு. என் பெயர் ஹைரம் கோல்பி. ஊரின் ஒரே கடை என்னுடையது. ஆணி, பால், மீன்பிடி உரிமம், முந்தாநாள் வம்பு எல்லாம் என்னிடம் கிடைக்கும். எவரெட்டும் நானும் ஒரே பள்ளி, ஒரே பெஞ்சு. எல்லாவற்றுக்கும் மேலாக, அவருடைய வலைப்பூவின் 'நிரந்தர வாசகர் வட்டத்தில்' உள்ள மூன்று பேரில் நானும் ஒருவன். இன்னொருவர் அவருடைய மனைவி லோர்னா. மூன்றாமவர் அரிசோனாவில் இருக்கிறார். அவர் ஏன் படிக்கிறார் என்று யாருக்கும் தெரியாது.

வலைப்பூவின் பெயர் 'வேலிக்கு வெளியே நில்!'. இது அரசாங்கத்தைப் பார்த்துச் சொல்வது. முகப்பில் பூட்டிய வேலிக்கதவு ஒன்றின் படம் இருக்கும். கதவுக்குப் பின்னால் எவரெட் கைகட்டி நிற்பார். கதவைப் பூட்டிவிட்டுச் சாவியை எங்கே வைத்தோம் என்று யோசிப்பவர் மாதிரி இருக்கும் அவர் முகம்.

பெரியவர்கள் எல்லாருக்கும் ஒரு ஞானோதயம் உண்டு. எவரெட்டுக்கு அது ஒன்பது வயதில், ஒரு பலகை வடிவில் வந்தது. அவர்கள் பால் பண்ணைக்குப் போகிற மண்பாதையின் முனையில் ஊர் நிர்வாகம் 'நில்' என்று ஒரு சிவப்புப் பலகை நட்டது. அவருடைய அப்பா நிற்கவில்லை. சாகிறவரை நிற்கவில்லை. அந்தப் பாதையில் ஓடிய ஒரே வண்டி அவருடையது என்பதால் எந்த வண்டியோடும் மோதவில்லை. பலகையோடுதான் இரண்டு முறை மோதினார். 'சுதந்திரத்துக்காக எங்கள் குடும்பம் கொடுத்த விலை: இரண்டு முன்விளக்குகள்' என்ற எவரெட்டின் கட்டுரையைப் படித்துவிட்டு அரிசோனாக்காரர் கைதட்டும் படம் ஒன்று அனுப்பியிருந்தார்.

பிறகு எவரெட் காப்பீட்டுக் கம்பெனியில் காலம் தள்ளினார். இடிந்துபோன வீடுகளைப் போய்ப் பார்த்து 'இது இடியவில்லை' என்று எழுதிக் கொடுக்கிற வேலை. உண்மையை நேருக்கு நேர் பார்த்தும் கலங்காத மனம் அங்கேதான் அவருக்கு வாய்த்தது. ஓய்வு பெற்ற மறுவாரமே எழுத உட்கார்ந்துவிட்டார்.

அவருடைய அரசியல் தத்துவத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அரசாங்கம் ஒரு விருந்தாளி. வரலாம், ஒரு கோப்பை காப்பி குடிக்கலாம், வானிலை பற்றி இரண்டு வார்த்தை பேசலாம், கிளம்பிவிட வேண்டும். குறிப்பாக மனிதனுடைய தட்டிலும், கொட்டகையிலும், கல்யாணத்திலும் அது மூக்கை நுழைக்கவே கூடாது. இந்த மூன்றையும் தடித்த எழுத்தில் போட்டிருப்பார். பனிக்காலத்தில் ஊர் வண்டி காலை எட்டு மணிக்குள் அவர் வீட்டுச் சாலையில் பனி தள்ளவில்லை என்றால் மட்டும் போன் போட்டு, "அரசாங்கம் என்ன செத்துப்போச்சா?" என்று கத்துவார். அதைத் தத்துவத்தில் சேர்க்கக் கூடாது. அப்போது அவர் காலைச் சாப்பாடு சாப்பிட்டிருக்க மாட்டார்.

எங்கள் ஊரை ஊரே ஆள்கிறது. மார்ச் மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, பள்ளியின் விளையாட்டுக் கூடத்தில், எல்லாரும் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, புதுப் பனித்தள்ளி வாங்குவதிலிருந்து கல்லறைப் புல் வெட்டுவதுவரை ஒவ்வொன்றாக வாக்கெடுத்து முடிவு செய்வோம். நடுவர் ஆல்டா. கையில் மரச் சுத்தியல். அவள் சுத்தியலைத் தட்டினால் கைக்குழந்தைகூட அழுகையை நிறுத்திவிடும். மத்தியானம் பீன்ஸும் பன்றித் தொடைக்கறியும், ஆப்பிள் பை என்கிற இனிப்புப் பண்டமும் உண்டு. ஜனநாயகம் எங்கள் ஊரில் தழைப்பதற்கு அந்தப் பைதான் முக்கியக் காரணம்.

சாப்பாட்டுக்கு முந்தைய கடைசி அயிட்டம், பன்றிக் காவலர் தேர்தல். இருநூறு வருடங்களுக்கு முன்னால் பன்றிகள் வேலி தாண்டி அடுத்தவன் சோளத்தை மேய்ந்த காலத்தில், அவற்றைப் பிடித்து அடைக்க ஏற்படுத்திய பதவி. வேலி தாண்டுகிற பன்றிகள் போய்விட்டன, பதவி போகவில்லை. சம்பளம் இல்லை, வேலை இல்லை. அந்த வருடம் கடைசியாகக் கல்யாணம் ஆன மாப்பிள்ளையின் தலையில் அதைக் கட்டி, எல்லாரும் ஓவென்று சிரித்துவிட்டுச் சாப்பிடப் போவோம். அவ்வளவுதான் விஷயம்.

எவரெட்டுக்கு மட்டும் சிரிப்பு வராது. இருபது வருடங்களுக்கும் மேலாக, அந்த அயிட்டம் வந்தவுடன் எழுந்து ஒரே தீர்மானத்தைப் படிப்பார்: "மக்களுக்குத் தேவையற்ற இந்தப் பதவியை ஒழித்து, அரசாங்கத்தை ஓர் ஆள் அளவுக்காவது சுருக்குமாறு இச்சபையைக் கேட்டுக்கொள்கிறேன்."

"வழிமொழிய யாராவது இருக்கீங்களா?" என்பாள் ஆல்டா.

யாராவது இருமுவார்கள்.

"யாரும் இல்ல. தீர்மானம் விழுந்துச்சு. உக்காருங்க எவரெட், பீன்ஸ் ஆறுது."

போன வருடத்துக்கு முந்தைய வருடமும் அப்படித்தான் எழுந்தார். ஆனால் ஒரு சின்ன விஷயத்தை மறந்துவிட்டார். அந்த ஜனவரியில்தான், அறுபத்தோரு வயதில், பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்த லோர்னாவைக் கல்யாணம் செய்திருந்தார். ஊரின் கடைசி மாப்பிள்ளை அவர்தான். தீர்மானத்தின் முதல் வார்த்தை அவர் வாயிலிருந்து வருவதற்குள் பின்வரிசையிலிருந்து யாரோ, "எவரெட் பிங்கம்!" என்று கத்தினார்கள். கூடத்தில் இருந்த அத்தனை வாக்கு அட்டைகளும் மேலே போயின. சிரிப்பில் கூரைப்பனி ஒரு பக்கம் சரிந்து விழுந்தது.

"ஏதோ சொல்ல எந்திரிச்சீங்களே?" என்றாள் ஆல்டா.

எவரெட் கூட்டத்தைப் பார்த்தார். அத்தனை பேர் ஒரே நேரத்தில் தனக்காகக் கை தூக்கி அவர் அதுவரை பார்த்ததில்லை. வலைப்பூவில் அதிகபட்சம் மூன்று.

"ஊர் உத்தரவு," என்றார் தொண்டையைச் செருமிக்கொண்டு. "தலை வணங்குறேன்."

பொற்காலம் தொடங்கியது.

முதலில் ஒரு தொப்பி வந்தது. பிறகு ஆரஞ்சு நிற மேலங்கி. முதுகில் 'பன்றிக் காவல் துறை' என்று தைத்திருந்தது. ஊரில் அப்போது இருந்த பன்றிகள் நான்கு. நான்கும் கொழுத்து, படுத்து, யார் வம்புக்கும் போகாமல் இருந்தன. அவர் பதவியேற்ற முதல் வாரத்திலேயே பன்றிக் குற்றங்கள் பூஜ்யத்துக்கு இறங்கின. அதற்கு முந்தைய எண்பது வருடங்களும் பூஜ்யம்தான். ஆனால் அவை கண்காணிப்பில்லாத பூஜ்யங்கள் என்று எவரெட் எழுதினார்.

மே மாதம் கடைக்கு வந்தார். காப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் நின்றார்.

"ஹைரம், பன்றின்னா என்ன?"

"ஏண்டா, காலைலயே ஆரம்பிச்சிட்டியா? நாலு காலு, ஒரு மூக்கு."

"அது பழைய வரையறை. சட்டம் எதுக்கு வந்துச்சுன்னு பாரு. வேலி தாண்டி அடுத்தவன் நெலத்துக்குப் போற ஜீவனைத் தடுக்க. அப்போ வேலி தாண்டுற எல்லாத்துலயும் ஒரு பன்றித்தன்மை இருக்கு."

"என் பூனை தாண்டுதே."

"அதைப் பத்தித்தான் பேச வந்தேன்."

கோடை முடிவதற்குள் பூனைகள், ஆடுகள், ஒரு வான்கோழி, மூன்று பூசணிக்கொடிகள் எல்லாம் துறையின் அதிகார வரம்புக்குள் வந்துவிட்டன. அக்டோபரில் மேப்பிள் இலைகள் உதிர்ந்து பக்கத்து வீட்டுத் தோட்டங்களில் விழுந்தபோது எவரெட் இரவு பகல் பாராமல் உழைத்தார். இலை எந்த மரத்திலிருந்து வந்தது என்று கண்டுபிடித்து, மரத்தின் சொந்தக்காரர் வீட்டுக் கதவில் எச்சரிக்கை ஒட்டினார். ஆல்டா வீட்டுக் கதவில் நான்கு. அவளும் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு வாருகோலை எடுத்தாள். வலைப்பூவில் அந்த வாரம் 'மத்திய அரசின் அத்துமீறல்' பற்றி நல்ல கட்டுரை வந்தது.

நாங்கள் ஏன் பொறுத்தோம் என்று கேட்கலாம். ஊர்க்கூட்டம் கை தூக்கித் தேர்ந்தெடுத்தவர் ஒட்டியதை எங்கள் ஊரில் யாரும் கிழிப்பதில்லை. தவிர, அவருக்கு இவ்வளவு சந்தோஷம் வந்து யாரும் பார்த்ததில்லை. நடையே மாறியிருந்தது.

இந்த நேரத்தில்தான் என் மகள் ஹேட்டிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை டில்லன். ஊர்ப் பனித்தள்ளி ஓட்டுகிறவன். பேச்சுக் குறைவு, கை சுத்தம். பிப்ரவரி கடைசி சனிக்கிழமை, அவன் வீட்டுக் கொட்டகையில் கல்யாணம். அந்தத் தேதிக்கு ஒரு காரணம் இருந்தது. என் மகன் வெஸ்லி கடற்படையில் இருக்கிறான். இரண்டு வருடமாக வீட்டுக்கு வரவில்லை. அவனுக்குக் கிடைத்த விடுப்பு அந்த ஒரு வாரம்தான். அண்ணன் இல்லாமல் கல்யாணம் இல்லை என்று ஹேட்டி தீர்த்துச் சொல்லிவிட்டாள்.

விஷயத்தை எவரெட்டிடம் சொன்னதும் கட்டிப்பிடித்து வாழ்த்தினார். பிறகு பிடியைத் தளர்த்தினார். மனசுக்குள் ஏதோ கணக்குப் போடுவது நெற்றியில் தெரிந்தது.

"பிப்ரவரியா? ஊர்க்கூட்டத்துக்கு முன்னாடியா?"

"ஆமாம்."

"ஏப்ரல்ல வைக்கலாமே. பூ பூக்கும்."

"ஏப்ரல்ல முழங்கால் வரைக்கும் சேறுடா."

"சேறும் அழகுதான், ஹைரம்."

அப்போது எனக்குப் புரியவில்லை. வீட்டுக்குப் போய்ப் பூட்ஸைக் கழற்றும்போதுதான் உறைத்தது. டில்லன் மார்ச்சுக்கு முன் மாப்பிள்ளை ஆகிவிட்டால், புதுப் பன்றிக் காவலர் அவன். தொப்பி கைமாறிவிடும்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் ஹேட்டி கடைக்குள் ஓடி வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"அப்பா, கொட்டகையப் பூட்டிட்டாரு! ஆரஞ்சு டேப்பு ஒட்டி வச்சிருக்காரு. முப்பது நாள் யாரும் உள்ள போகக் கூடாதாம்!"

"எதுக்காம்?"

"டில்லனோட கிளாடிஸ் உள்ள இருக்குல்ல, அது 'கண்காணிப்புல' இருக்காம்."

கிளாடிஸ், டில்லன் வளர்க்கும் பன்றி. எட்டு வயது. நடக்கவே யோசிக்கும்.

வேறு இடமும் கிடையாது. தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்திருந்தது. பள்ளிக்கூடத்தில் கூடைப்பந்துப் போட்டி. எனக்கு வந்த கோபத்தில் கடையைத் திறந்துபோட்டுவிட்டு எவரெட் வீட்டுக்குப் போனேன். தொப்பியோடு உட்கார்ந்திருந்தார்.

"கிளாடிஸ் வேலி தாண்டுச்சா?"

"இல்ல."

"எந்திரிச்சு நின்னுச்சா?"

"படுத்துத்தான் இருந்துச்சு. ஆனா முகம் வேலிப் பக்கமா இருந்துச்சு."

"டேய்!"

"உள்நோக்கம் ஹைரம், உள்நோக்கம். குத்தம் நடந்த பொறவு வர்றது காவல் இல்ல."

"என் பொண்ணு அங்க அழுதுட்டு இருக்கா. வெஸ்லி நாளைக்கு வரான். அவன் திரும்பப் போனா அடுத்து எப்போ வருவான்னு எனக்கே தெரியாது."

எவரெட்டின் கண்கள் ஒரு நொடி கலங்கின என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அவர் கெட்டவர் இல்லை. ஹேட்டிக்கு முதல் சைக்கிள் வாங்கிக் கொடுத்ததே அவர்தான். ஆனால் கை தானாகப் போய்த் தொப்பியைச் சரி செய்தது.

"நண்பனா எனக்கு வருத்தம்தான்," என்றார். "ஆனா துறையோட முடிவுல நான் தலையிட முடியாது."

"துறையே நீதானடா!"

"அதனாலதான் இன்னும் கஷ்டம்."

வாசலில் லோர்னா காத்துக்கொண்டிருந்தாள். இங்கே ஒரு விவரம் சொல்ல வேண்டும். பேருந்து ஓட்டுவதோடு, கல்யாணம் செய்துவைக்க மாநிலம் அதிகாரம் கொடுத்த சமாதான நீதிபதியும் அவள்தான். ஊரில் பாதிப் பேருக்குக் கல்யாணம் செய்துவைத்தவள். ஹேட்டியும் அவளைத்தான் கேட்டிருந்தாள்.

"சனிக்கிழமை பத்து மணிக்கு எல்லாரையும் கூட்டிட்டு வந்துடுங்க ஹைரம்," என்றாள் தாழ்ந்த குரலில். "பின்வாசல் வழியா. பூட்ஸைக் கழட்டிட்டு வரச் சொல்லுங்க."

"எங்க?"

"இங்கதான். எங்க வீட்டு ஹால்ல."

"அவரு?"

"பத்துலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் மாடியில எழுதுவாரு. வீட்டுக்கு நெருப்பு புடிச்சாலும் பத்தியை முடிச்சிட்டுத்தான் எறங்குவாரு."

அப்படியாக, என் மகளின் கல்யாணத்துக்கு வந்த நாற்பது பேரும் காலுறையோடு, பூனை நடை நடந்து எவரெட்டின் வீட்டுக்குள் புகுந்தோம். வெஸ்லி சீருடையில் வந்திருந்தான்; அவனுடைய ஒரு காலுறையில் கட்டைவிரல் வெளியே தெரிந்தது. தலைக்கு மேலே தட்டச்சுச் சத்தம் மழை மாதிரி கேட்டுக்கொண்டிருந்தது. அன்று அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பைப் பிற்பாடுதான் படித்தேன்: 'குடும்பத்தின் வாசலில் அரசாங்கத்துக்கு என்ன வேலை?'

லோர்னா ரகசியக் குரலில் கல்யாணம் நடத்தினாள். ஹேட்டி ரகசியக் குரலில் சம்மதம் சொன்னாள். டில்லன் எப்போதும் அந்தக் குரலில்தான் பேசுவான். "இந்தக் கல்யாணத்துல ஆட்சேபணை உள்ளவங்க யாராவது இருக்கீங்களா?" என்று லோர்னா கேட்ட நொடியில், மேலே தட்டச்சுச் சத்தம் நின்றது.

நாற்பது பேரும் மூச்சை நிறுத்தினோம். ஹேட்டியின் கை என் கையை நசுக்கியது.

ஏதோ ஒரு வார்த்தையைத் தேடியிருக்கிறார். கிடைத்துவிட்டது. சத்தம் மறுபடி தொடங்கியது. லோர்னா, "சரி, ஆயிடுச்சு, முத்தம் குடுத்துக்கோங்க," என்றாள். நான் அழுதேன், சத்தம் வராமல் அழுவது சிரமமான வேலை.

கேக் வெட்டும்போது எவரெட் காப்பிக்காக இறங்கி வந்துவிட்டார். படியில் அப்படியே நின்றார். காலுறையோடு நிற்கும் ஊரைப் பார்த்தார்.

"என்ன இது?"

"கல்யாணம்," என்றாள் லோர்னா.

"யார் அனுமதியில?"

லோர்னா ஒரு தட்டில் கேக்கை வைத்து அவர் கையில் கொடுத்தாள்.

"இப்ப கேட்டீங்களே ஒரு கேள்வி, அதை நீங்களே இன்னொரு தரம் சத்தமாச் சொல்லிப் பாருங்க," என்றாள்.

அவர் சொல்லவில்லை. கேக்கைச் சாப்பிட்டார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு துண்டும் வாங்கிச் சாப்பிட்டார். போகும்போது ஹேட்டியின் தலையில் கை வைத்தார். எனக்கிருந்த கோபத்தில் பாதி அங்கேயே போய்விட்டது.

மீதிப் பாதியோடு நான் மார்ச் கூட்டத்துக்குப் போனேன்.

எவரெட் தொப்பியும் மேலங்கியுமாக முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். பீன்ஸ் வாசனை வர ஆரம்பித்த நேரத்தில் ஆல்டா சுத்தியலைத் தட்டினாள்.

"அடுத்தது பன்றிக் காவலர். வழக்கப்படி புது மாப்பிள்ளை டில்லன்..."

எவரெட் எழுந்தார்.

"ஒரு திருத்தம். கல்யாணம் ஆயிடுச்சுங்கறது ஒரு தகுதியா? இது பொறுப்பான துறை. அனுபவசாலி தொடர்ந்து இருக்கணும். ஒரு துணைக் காவலரும் வேணும்."

ஆல்டா மூக்குக்கண்ணாடியை இறக்கினாள்.

"இந்த எடத்துல நீங்க வருஷா வருஷம் வேற ஒரு தீர்மானம் படிப்பீங்களே எவரெட். பதவியை எடுக்கணும்னு."

"சூழ்நிலை மாறியிருக்கு."

"பன்றிங்க பெருகிடுச்சா?"

"நாலு மூணாக் குறைஞ்சிருக்கு. கண்காணிப்பு அப்படி."

"நாலாவதைக் கிறிஸ்துமசுக்குச் சாப்பிட்டாங்க," என்றது ஒரு குரல்.

நான் எழுந்தேன். இருபது வருடமாகக் காதில் விழுந்தது, மனப்பாடம். "மக்களுக்குத் தேவையற்ற இந்தப் பதவியை ஒழித்து, அரசாங்கத்தை ஓர் ஆள் அளவுக்காவது சுருக்குமாறு இச்சபையைக் கேட்டுக்கொள்கிறேன்."



"வழிமொழிய யாராவது இருக்கீங்களா?" என்றாள் ஆல்டா. இந்தத் தடவை யாரும் இருமவில்லை.

"நான்," என்றாள் லோர்னா.

எவரெட் திரும்பினார். "லோர்னா! நீயா?"

"உங்க எழுத்தை நம்பினவ நான். மூணு பேர்ல ஒருத்தி."

"அப்போ பன்றிங்க?" என்றார் எவரெட். குரல் உண்மையாகவே உடைந்தது. "வேலி தாண்டினா யாரு பாக்கறது?"

"அவங்கவங்க பாத்துப்பாங்க," என்றான் டில்லன். ஊர்க்கூட்டத்தில் அவன் பேசிய முதல் பேச்சு அது.

ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றாள் ஆல்டா. அட்டைகள் எழுந்தன. வான்கோழிக்காரர், பூசணிக்காரர், நான்கு எச்சரிக்கை வாங்கிய ஆல்டா, எல்லாரும். எதிர்ப்பவர்கள் என்றாள். பிறகு சுத்தியலைத் தட்டிவிட்டு, "தீர்மானம் நிறைவேறுச்சு, பீன்ஸ் ஆறுது," என்றாள்.

ஹார்லோ மில்ஸ் உருவான நாளிலிருந்து இன்றுவரை இங்கே அரசாங்கம் ஒரே ஒரு முறைதான் சுருங்கியிருக்கிறது. அதை எதிர்த்து ஒரே ஒரு கைதான் உயர்ந்தது. அந்தக் கை அரிசோனாவிலிருந்து வரவில்லை, ஆரஞ்சு மேலங்கிக்குள்ளிருந்து வந்தது.